சுகர் சாப்பாடும் பத்தியமும்

தமிழில் சில சொற்கள் காலப்போக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுகின்றன. ‘பத்தியம்’ அவற்றுள் ஒன்று. வடமொழியில் ‘பத்ய’ என்பது வழிக்கு உகந்தது, உடலின் போக்குக்கு இசைந்தது என்று பொருள்படும். நோயாளி எதை உண்ண வேண்டும் என்பதைச் சொல்ல வந்த சொல் அது. உண்ணத் தகாததைக் குறிக்க ‘அபத்ய’ என்று தனிச்சொல்லே இருந்தது. நம் வழக்கிலோ இன்று பத்தியம் என்றாலே விலக்கு. ‘பத்தியம் இருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் எதை உண்கிறார் என்று நாம் கேட்பதில்லை; எதையெல்லாம் விட்டார் என்றுதான் கேட்கிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் பால்சுறாவும் சேர்த்து ஆக்கிப் போடுகிற பத்தியச் சாப்பாட்டில் மட்டும் பழைய பொருள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்லாராய்ச்சிக்காக இதைத் தொடங்கவில்லை. நம் மருத்துவமனைகளில் நீரிழிவு நோயாளியின் முன் வைக்கப்படும் தட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. வார்டுகளில் அதற்குச் ‘சுகர் சாப்பாடு’ என்று பெயர். பெரும்பாலும் அது பொதுச் சாப்பாட்டிலிருந்து சிலவற்றைக் கழித்து உண்டாக்கப்படுவது. சர்க்கரை போடாத காப்பி. சோற்றுக்குப் பதில் சப்பாத்தி. பழம் இல்லை, கிழங்கு இல்லை. இரவானால் கேழ்வரகுக் கஞ்சி. கழித்தது போக மிஞ்சியது இந்த நோயாளிக்குப் போதுமா, வீடு திரும்பியபின் இதை அவரால் தொடர முடியுமா என்ற கேள்விகளுக்கு அந்தத் தட்டில் இடமில்லை. பத்தியம் என்ற சொல்லுக்கு நேர்ந்தது அப்படியே தட்டுக்கும் நேர்ந்திருக்கிறது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீரிழிவு நோயாளி தன் வாழ்நாளில் உணவைப் பற்றிப் பெறக்கூடிய மிகத் தெளிவான பாடம் மருத்துவமனைத் தட்டுதான். மூன்று வேளையும் கண்முன்னே வருகிறது. உண்டபின் இரத்தத்தில் என்ன நடந்தது என்பதையும் அங்கேயே அளந்து பார்க்க முடிகிறது. வேறெந்த வகுப்பறையிலும் இந்த வசதி கிடையாது. அந்தப் பாடத்தை அவர் வீட்டில் உண்ணப்போகும் உணவைக் கொண்டே, அளவைக் காட்டி நடத்த வேண்டும். இன்று நடக்கும் பாடம் தவறானது. சில வேளைகளில் ஆபத்தானதும்கூட.

இது ஏதோ ஒரு சிறு பிரிவினரின் குறை அன்று. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. ஆகவே எலும்பு முறிவுக்குப் படுத்திருப்பவர், கண்புரை அறுவைக்கு வந்தவர், காய்ச்சலில் கிடப்பவர், பிள்ளைப்பேற்றுக்கு வந்தவர் என்று எந்த வார்டை எடுத்தாலும் அங்கே நீரிழிவு இருக்கும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. சோற்றைப் பற்றிய தெளிவு இன்னும் வரவில்லை.

விலக்கே மருந்து என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. இன்சுலின் கண்டறியப்படுமுன் பட்டினியைத் தவிர மருத்துவர்களிடம் வேறு ஆயுதம் இருக்கவில்லை. 1910களில் நியூயார்க்கில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் நோயாளிகளைத் திட்டமிட்டுப் பட்டினி போட்டார். அது கொடுமை என்று இன்று தோன்றும். ஆயினும் சிறார்களுக்குச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கூடுதல் ஆயுள் கிடைத்தது அந்தப் பட்டினியால்தான். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனின் எடை அப்போது ஏறத்தாழ 30 கிலோதான். அந்த ஊசியோடு பட்டினியின் காலம் முடிந்தது. ஆனால் பட்டினியின் மனப்பான்மை முடியவில்லை. நீரிழிவு என்றால் வாயைக் கட்டு என்ற கட்டளை ஒரு நூற்றாண்டு கடந்தும் வார்டுகளில் உலவுகிறது.

நம் ஊரிலேயே இதற்கு மாறான ஒரு மரபும் இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். பேராசிரியர் எம். விசுவநாதன் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். நாட்டில் அத்தகைய பிரிவுகளுக்கு அதுவே முன்னோடி. பின்னர் அவரும் அவர் குழுவினரும் நார்ச்சத்து மிகுந்த தானிய, பருப்பு, காய்கறி உணவை நோயாளிகளுக்குப் பரிந்துரைத்து, அதன் விளைவுகளை ஆய்ந்து எழுதினர். மாவுச்சத்தை அவர்கள் அனுமதித்த அளவு இன்று கூடுதல் என்று கருதப்படலாம். ஆனால் நம் மக்கள் எதை உண்கிறார்களோ அங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற அவர்களது பார்வையில் பழுதில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் எல்லோர்க்கும் பொதுவான ஒரே ‘நீரிழிவு உணவு’ என்பதை 1994லேயே கைவிட்டது. மருத்துவமனைகளில் வேளைக்கு வேளை மாவுச்சத்தின் அளவு பெரிதும் மாறாமல் இருந்தால் போதும், உணவு வகை நோயாளிக்கு ஏற்ப அமையலாம் என்பதே அதன்பின் வந்த நிலைப்பாடு.

நம் வார்டுத் தட்டு கற்பிக்கும் பாடத்துக்கு வருவோம். அதன் முதல் பாடம் சப்பாத்தி மருந்து, சோறு நஞ்சு என்பது. கணக்கைப் பார்க்கலாம். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உண்டு. கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் அது 65 முதல் 72 கிராம் வரை. வேறுபாடு இருக்கிறது, ஆனால் நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அளவுக்கு இல்லை. 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து இருக்கும். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம். அப்படியானால் நான்கு சப்பாத்தி உண்பவர் 280 கிராமுக்கு மேல் சோறு உண்டவருக்குச் சமமாகிறார். முழுக்கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. அந்த நன்மையை எண்ணிக்கை விழுங்கிவிடுகிறது. ‘டாக்டர் சொன்னபடி சோற்றை விட்டுவிட்டேன், இரவில் வெறும் ஆறு சப்பாத்திதான்’ என்று பெருமையோடு சொல்லும் பெரியவர்களை நம் தெருக்களில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்!

மேலே சொன்ன ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் வெளிவந்த உணவுப் பகுதி இதையே சொல்கிறது. இந்தியர் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய அரிசியின் இடத்தில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள்கள் போன்றவற்றின் புரதத்தை வைக்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. ஆகவே எந்தத் தானியம் என்பதோடு நின்றுவிடாமல், எவ்வளவு தானியம், அதனோடு வேறென்ன என்றும் கேட்டாக வேண்டும்.

இரண்டாம் பாடம் கஞ்சி. கேழ்வரகு நல்ல தானியம். சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் மிக்கது. ஆனால் அதை நைசாக அரைத்து, நீர்விட்டுக் குழையக் காய்ச்சிக் கஞ்சியாக்கினால் அது விரைவில் செரித்து இரத்தத்தில் சேர்ந்துவிடும். தானியத்தின் பெயர் நோயாளியைக் காப்பாற்றுவதில்லை. அதை எந்தப் பதத்தில் தருகிறோம், உடன் என்ன தருகிறோம் என்பவையும் கணக்கில் வரும். ஒரு டம்ளர் கஞ்சியை மட்டும் குடித்துவிட்டுப் படுக்கும் நோயாளிக்குச் சர்க்கரை விரைவில் ஏறி விரைவில் இறங்கவும் கூடும். இரவில் பசியும் வரும்.

மூன்றாம் பாடம் மிகக் கொடியது. சர்க்கரை ஏறினால் குற்றவாளி வாய்தான் என்பது அது. காலையில் அளவு 250 என்று காட்டினால், ‘ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? வெளியிலிருந்து என்ன வாங்கிக் கொடுத்தீங்க?’ என்று விசாரணை தொடங்கிவிடுகிறது. கிருமித்தொற்று, அறுவை, வலி, அச்சம் ஆகிய ஒவ்வொன்றும் உடலில் சில சுரப்புகளைத் தூண்டிச் சர்க்கரையை ஏற்றும். ஸ்டீராய்டு மருந்து இன்னும் மிகுதியாக ஏற்றும். ஒரு வாய்கூட உண்ணாத நோயாளிக்கும் ஏறும். மருத்துவர்கள் இதை அறிவார்கள். படுக்கையருகே நிற்கும் மனைவிக்குத்தான் இதை யாரும் சொல்வதில்லை. அவள் அடுத்த வேளை சோற்றை இன்னும் குறைக்கிறாள்.

குறைப்பதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். தீங்கு இருக்கிறது. அண்மையில் நெருங்கிய உறவினர் ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு தென்மாவட்டத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இரண்டு வாரம் இருந்தார். நாங்கள் முறை வைத்து இரவுத் துணைக்கு இருந்தோம். இரவு ஏழரை மணிக்கு இன்சுலின் போடப்படும். போட்ட அரைமணிக்குள் உண்ண வேண்டும் என்பது அந்த வகை மருந்தின் விதி. உணவு வண்டியோ சமையற்கூடத்தின் மணிப்படி வரும். ஒருநாள் அது ஒன்பதை நெருங்கித்தான் வந்தது. அதற்குள் மாமாவுக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. செவிலியர் ஓடிவந்து அளந்தபோது 54. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, மேலேறிய பிறகுதான் அந்தப் பெண் பிள்ளையின் முகத்தில் இரத்தம் ஓடியது. அவர் மீது பிழையில்லை. ஊசி ஒரு துறையின் கடிகாரத்தில் ஓடுகிறது, உணவு இன்னொரு துறையின் கடிகாரத்தில் ஓடுகிறது. இரண்டையும் இணைக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்று எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. 70க்குக் கீழே இறங்கும் சர்க்கரை, ஏறிய சர்க்கரையைவிட விரைவாக ஆளைக் கொல்லவல்லது.

மறுநாள் வந்த கஞ்சியைப் பார்த்துவிட்டு, ‘இது சாப்பாடா, தண்டனையா மாப்பிள்ளை?’ என்று மாமா கேட்டார். அந்தக் கேள்வியை வெறும் நாக்கின் முறையீடு என்று ஒதுக்கிவிட முடியாது. புண் ஆறப் புரதம் வேண்டும். தசை வளர்க்க வேண்டிய உடலுக்கு நாம் நீர்க்கஞ்சியைத் தருகிறோம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டலிலும் ஏறத்தாழ அதே அளவு இருக்கிறது. கோயில் வாசலில் கையேந்தி வாங்கித் தின்கிற அந்தச் சுண்டல், புண்ணோடு படுத்திருப்பவனின் தட்டுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

இங்கே மறுப்புகள் எழும். அவற்றுள் இரண்டு நியாயமானவை. முதலாவது, நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் கூடத்தில் ஆளுக்கொரு கணக்குப் பார்க்க முடியுமா என்பது. முடியாதுதான். ஆனால் ஒரே அளவுள்ள கரண்டியால் எல்லோருக்கும் பரிமாற முடியும். சாதத்துக்கு ஒரு கிண்ணம் என்று நிலையாக வைத்துக்கொண்டு, கீரையையும் காயையும் பருப்பையும் கூட்டிவைக்க முடியும். இதற்குப் புதிய சமையற்கூடம் வேண்டியதில்லை. பொதுச் சாப்பாட்டையே அப்படி அமைத்துவிட்டால் ‘சுகர் சாப்பாடு’ என்று தனியே ஒன்று வேண்டியதும் இல்லாமற் போகும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், நலமாக உள்ளவர்க்கே, தானியத்தின் பங்கு மொத்த ஆற்றலில் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. நீரிழிவு நோயாளியின் தட்டுக்கும் நம் வீட்டுத் தட்டுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு பெரிதன்று.

இரண்டாவது மறுப்பு மருத்துவ நண்பர்களுடையது. ‘சோறு உண்ணலாம் என்று வாயைத் திறந்து சொன்னால் போதும், மலைபோலக் குவித்துக்கொள்வார்கள். அதனால்தான் அடியோடு வேண்டாம் என்கிறோம்’ என்பார்கள். அவர்களுடைய அச்சம் அனுபவத்தில் பிறந்தது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அடியோடு வேண்டாம் என்பது வார்டின் வாசல்வரைக்கும்தான் செல்லும். தூக்குச்சட்டியில் சாம்பாருக்கு அடியில் சோறு ஒளிந்து வருவதை எந்தக் காவலாளி தடுக்க முடிந்தது? வீடு திரும்பிய மூன்றாம் நாள் குழம்பின் மணம் வரும்போது தடை உடைகிறது. உடைந்த தடைக்குப் பின் அளவு என்ற ஒன்று கிடையாது. அளவான சோற்றைக் கண்ணால் பார்த்து, உண்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் தன் இரத்தத்தின் எண்ணையும் பார்த்தவருக்கு அந்த அளவு மறக்காது. மலைபோலக் குவிப்பார்கள் என்று அஞ்சுபவர்கள்தாம் மருத்துவமனையிலேயே கிண்ணத்தைக் காட்ட வேண்டும்.

தமிழ் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயாளி வீடு திரும்பும் நாளில் கையில் ஓர் உணவு அட்டவணைத் தாள் தரப்படுகிறது. நாம் பார்த்த பல தாள்கள் எங்கோ எழுதப்பட்டதை மொழிமாற்றியவை. காலையில் ஓட்ஸ், நடுவேளையில் ஆப்பிள், இரவில் ஃபுல்கா, ‘1500 கலோரி’. எந்தக் கப் என்று சொல்லாமல் ‘ஒரு கப்’ என்றிருக்கும். வீட்டில் ஆழாக்கு இருக்கிறது, டம்ளர் இருக்கிறது, குழிக்கரண்டி இருக்கிறது. அந்தக் கப் மட்டும் இல்லை. வாழைத்தண்டு, அகத்திக்கீரை, தட்டைப்பயறு, சுண்டைக்காய், மோர், மத்திச் சாளை என்று அந்த வீட்டார் அன்றாடம் வாங்கக்கூடிய எதன் பெயரும் தாளில் இராது. படிக்க முடியாதவருக்குப் படமும் இராது. அதை மடித்து மருந்துச் சீட்டுகளோடு வைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போதுதான் அது வெளியே வருகிறது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர்கள் வியப்பது ஒன்றுண்டு. மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை; பாதிக்கு மேல் உண்பதைப் பற்றியே பேசுகிறது. முன் உண்டது செரித்ததா, பசி வந்ததா, அளவு என்ன என்பவையே அங்கே கேள்விகள். இறுதிக் குறளில் மருத்துவம் நான்கு பேரால் ஆவதாக வரும். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பார்த்துக்கொள்பவரையும் வள்ளுவர் சேர்த்தே எண்ணுகிறார். நம் மருத்துவமனைகளில் அந்த நான்காமவருக்குப் பெஞ்சில்கூட இடமில்லை. அவர்தான் கடையில் இட்லி வாங்கி வருபவர், வீட்டில் சமைக்கப்போகிறவர், கிண்ணத்தின் அளவை நினைவில் வைக்க வேண்டியவர். பெரும்பாலும் அவர் ஒரு பெண். உணவியல் வல்லுநர் வார்டுக்கு வரும் ஐந்து நிமிடத்தில் பேச வேண்டியது நோயாளியோடு மட்டுமன்று, அவரோடும்தான்.

ஆகவே நாம் கேட்பவை சிலவே. ஊசிக்கும் உணவுக்கும் ஒரே கடிகாரம் இருக்கட்டும். தட்டு வந்தது தெரிந்த பின்னரே ஊசி எடுக்கப்படட்டும். அளந்த சோறு தட்டில் இருக்கட்டும்; பருப்போ முட்டையோ சுண்டலோ ஒரு வேளையும் விடுபடாதிருக்கட்டும். நோயாளி தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பதைச் செவிலியர் தம் ஏட்டில் குறிக்கட்டும். உண்ணாதவருக்கு முழு அளவு மருந்து போய்விடாமலிருக்க அது உதவும். வீட்டுக்குக் கொடுக்கும் தாள் அந்த மாவட்டத்துச் சந்தையில் கிடைக்கும் காய்களின் பெயரோடு, குழிக்கரண்டிக் கணக்கில், நல்ல தமிழில் இருக்கட்டும்.

கடைசியாகச் சொன்னதற்கு மருத்துவர்களையே எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. தமிழ் இலக்கியம் படித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். பக்கத்து அரசு மருத்துவமனையின் உணவியல் வல்லுநரைச் சந்தித்து, அவர் சொல்லும் அளவுகளை நம் மக்களின் பேச்சில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது பெரிய வேலையன்று. வரும் விடுமுறையில் நம் துறை மாணவர்கள் சிலரோடு அதைச் செய்து பார்க்க எண்ணியிருக்கிறோம். தாளின் தலைப்பும் முடிவாகிவிட்டது. ‘சாப்பிடக் கூடாதவை’ என்ற பட்டியலைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முன்பக்கத்தின் மேலே ‘பத்தியம்’ என்றே போடப்போகிறோம்.